ஸ்கேல் வைத்து அடித்த வரி

“அசையிற வரைக்குந்தான்டா கனம், அசைஞ்சிட்டா” என்று பெரியப்பா சொல்வார். அதற்குப் பின்னால் இன்னும் ஒன்று சொல்வார், அது காலையிலிருந்து வரமாட்டேன் என்கிறது. கோவில்பட்டி கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் மூட்டையும் பெட்டியும் தள்ளிய மனுஷர், பெட்டியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியிடமே ரகசியம் பேசுகிற மாதிரிச் சொல்வார். அசைஞ்சிட்டா லேசு என்றா, அசைஞ்சிட்டா அதுவே போகும் என்றா. அதுவே போகும் என்று இருக்காது. நகர்ந்த பிறகும் தரை பிடித்து இழுக்கத்தான் செய்யும், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் இந்த விஷயத்தில் அவர் தப்பாகப் பேசியிருக்க மாட்டார். பெரியப்பா இப்போது ஏன் வருகிறார் என்றால் என் முன்னால் ஒரு பெட்டி இருக்கிறது, பிளஸ் ஒன் இயற்பியல் விடைத்தாளில், இருபத்தெட்டாவது கேள்வியில். பத்து கிலோ மரப்பெட்டி கிடைத்தரையில் ஓய்வில் இருக்கிறது, நிலை உராய்வுக் குணகம் 0.5, கிடையாக 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம், பெட்டியின் மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு, மூன்று மதிப்பெண். பாளையங்கோட்டையில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கிற ஒரு பெண்கள் பள்ளி, எட்டாம் வகுப்பு அறை, காம்பஸ் முனையால் பெயர்கள் கீறிய பெஞ்சு, தலைக்கு மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது, சிவப்புப் பேனா பிடித்த விரல் வியர்த்து வழுக்குகிறது, மதியத்துக்குள் பன்னிரண்டு தாள் முடிக்க வேண்டும். இதற்கு முந்தைய ஏழு தாளில் ஐந்து பேர் 50 என்று எழுதியிருந்தார்கள். குணகத்தை எடையால் பெருக்கு, 0.5 பெருக்கல் 100, ஐம்பது, முடிந்தது. ஒருத்தர் ஐம்பதில் இருபதைக் கழித்து முப்பது. ஒருத்தர் கேள்வியையே திரும்ப அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஐம்பது என்று எழுதியவர்கள் யாரும் ஒரு நிமிஷம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று பார்க்கவில்லை. இருபதால் தள்ளுகிற பெட்டியைத் தரை ஐம்பதால் திருப்பித் தள்ளினால் பெட்டி தள்ளுகிறவன் மேலேயே அல்லவா வந்து ஏறும். தரை அப்படியெல்லாம் செய்யாது. ஐம்பது என்பது அதனால் தாங்க முடிகிற எல்லை. அதுவரை, நீ எவ்வளவு தள்ளுகிறாயோ அவ்வளவு தடுக்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இருபதுக்கு இருபது.

எட்டாவது தாளில் இருபது என்று இருக்கிறது. அதனால்தான் நின்றேன். முதலில் நின்றது அதனால்தான். ஒல்லியான, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, பையனா பெண்ணா தெரியாது, எந்த ஊர் தெரியாது, பதிவெண்ணைக் கிழித்துவிட்டு ஒரு டம்மி எண் போட்டுத்தான் எங்கள் கைக்கு வருகிறது. வேறு மாவட்டத்துத் தாள் என்பது மட்டும் தெரியும், சொந்த மாவட்டத் தாளைத் தரமாட்டார்கள். முதல் வரியில் f = μN = 0.5 × 100 = 50 N. அந்த வரி முழுவதையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நேராக, ஒரே கோடாக அடித்திருக்கிறது. அதற்குக் கீழே, “தள்ளும் அளவே தடுக்கும். 20 N.” வேறு ஒன்றும் இல்லை. அடித்ததைத் திருத்தக்கூடாது, முதல் நாளே சொல்லிவிட்டார்கள், எல்லா வருஷமும் சொல்வதுதான். எல்லை காண ஒன்று, தள்ளுவது எல்லைக்குள் என்று காட்ட ஒன்று, விடைக்கும் அலகுக்கும் ஒன்று என்று விடைக்குறிப்பு மூன்றாகப் பிரித்திருக்கிறது. முதல் வரி அடித்தது என்றால் இல்லாதது. இல்லாததோடு இருபதை ஒப்பிடவும் முடியாது. ஆக விடைக்கு மட்டும் ஒன்று. கடைசியாகத் திருத்துகிற கேள்வி இது, தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன், மற்றதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு. எழுத்துத் தேர்வில் பதினைந்து வேண்டும். ஒன்று போட்டால் பதின்மூன்று, இரண்டு போட்டால் பதினான்கு, மூன்று போட்டால் பதினைந்து. அந்தப் பிள்ளை ஜூனில் மறுபடி எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் இந்தக் கோட்டில் இருக்கிறது. கோட்டைப் பார்க்கிறேன். விரலை அதன்மேல் வைத்தால் தாள் மெல்லக் குழிந்திருக்கிறது. ஸ்கேல் வைத்து அடித்த கோடு. தப்பாகப் போன வரியை யார் ஸ்கேல் வைத்து அடிப்பார்கள். தேர்வறையில் மணி ஓடிக்கொண்டிருக்க, பயத்தில் கிறுக்கித்தானே அடிப்பார்கள். ஸ்கேலை எடுத்து, வரிக்கு நடுவே பொருத்தி, நகராமல் இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு. நான் அப்படி அடிக்கிற ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

இல்லை, அவசரப்படாதே. இருபத்தைந்து வருஷம் ஆகிறது. உலகத்தில் ஸ்கேல் வைத்திருக்கிற பிள்ளைகள் எத்தனை லட்சம். ஆனால் என்னோடு படித்த செண்பகவல்லி கரும்பலகையில் அடித்ததைப் பார்த்தவன் நான், ஒன்பது பி வகுப்பில், கடைசி பெஞ்சில், மடியில் நோட்டோடு. பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சி நாற்பது நாள், கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளி, ஒரே வகுப்பை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும். அந்த வகுப்பில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. சாவி யாரிடமும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். உராய்வுப் பாடத்தன்று அவள் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முதல் பெஞ்சிலிருந்து சின்னதாக ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். “தள்ளு.” அந்தப் பெண் தள்ளினாள், பீரோ நின்றது. “தரை என்ன செய்யுது?” “சும்மா இருக்கு டீச்சர்.” “சும்மாவா இருக்கு? அப்ப ஏன் போகலை?” இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள், அப்போதும் நின்றது. “இப்ப தரை எவ்வளவு தள்ளுது?” பின்னாலிருந்து ஒரு குரல், “ரெண்டு பேர் அளவுக்கு டீச்சர்.” செண்பகவல்லி அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பார்த்தீங்களா என்பதுபோல. சாக்பீஸ் தூள் புருவத்தில் ஒட்டியிருந்தது. நான் என்ன செய்தேன், நோட்டைப் பார்த்தேன். அப்புறம் அவள் பலகையில் பீரோவின் எல்லையைக் கணக்குப் போட்டு எழுதினாள், பெரிய மர ஸ்கேலை எடுத்து அந்த எண்ணின் குறுக்கே வைத்து ஒரே கோடாக அடித்தாள். “இது அது தாங்குற எல்லை. இன்னிக்கு நாம அதுவரைக்கும் போகலை. அதனால இதை இப்படி வைக்கிறோம். அழிக்கக் கூடாது. அழிச்சா எல்லை எங்கன்னு தெரியாமப் போயிரும்.” நோட்டில் அவளைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்பது ஒரு எழுத்துக் குறையாமல் நினைவிருக்கிறது. பெரியப்பா சொன்னதுதான் பாதியில் நிற்கிறது, இது முழுசாக நிற்கிறது. “குரல் தெளிவு. செயல்வழி விளக்கம் நன்று. அடித்த வரி விடையாகாது. தேர்வில் மதிப்பெண் இழக்கச் செய்யும் தவறான பழக்கம்.”

“என்ன சார், ஒத்தத் தாள்லயே குடியிருக்கீங்க?” பக்கத்து பெஞ்சிலிருந்து குருவம்மாள் டீச்சர். தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளி, பதினாறு வருஷமாகத் தாள் திருத்துகிறவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். “பிள்ளை லவ் லெட்டர் கிவ் லெட்டர் எழுதி வச்சிருக்கா?” இல்லை டீச்சர் என்கிறேன், என் குரல் எனக்கே தள்ளிக் கேட்கிறது. “போன வருஷம் ஒருத்தி எனக்கு எழுதியிருந்தா. அம்மா, எனக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க, பாஸ் போடாதீங்க, மறுபடி எழுதப் படிக்கணும்னு வீட்ல சொல்லிக்கிறேன்னு. நான் என்ன செய்ய. நல்லா எழுதியிருந்தா வேற.” சிரிக்கிறார், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. டீ வந்தது, ஸ்டீல் டம்ளர் பெஞ்சில் வைத்த இடத்தில் ஈர வளையம், டம்ளரை விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்கிறேன், நிற்கிறது, இன்னும் கொஞ்சம், நிற்கிறது, இன்னும், சட்டென்று வழுக்கி ஒரு விரற்கடை போய்விட்டது. எப்போதும் இப்படித்தான், அசையும் அந்தக் கணம் எது என்று கைக்குத் தெரிவதே இல்லை. அசைந்த பிறகுதான் தெரியும். டீச்சர், ஸ்கேல் வைத்து அடித்த வரி ஏதாவது உங்கள் விடைத்தாள் கட்டில் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். உராய்வுக் கணக்கில். கேட்டபிறகுதான் கேட்டிருக்கிறேன் என்று தெரிகிறது. “ஸ்கேல் வச்சா? இருங்க, நேத்து ஒண்ணு பார்த்தேன். ஐம்பதை அடிச்சுட்டு இருபதுன்னு. அடிச்சதுன்னு விட்டுட்டேன். ஏன் சார்?” சும்மா என்கிறேன். ஒன்று அல்ல, இரண்டு. அப்படியானால் இது ஒரு பிள்ளையின் பயம் இல்லை, ஒரு வகுப்பின் பழக்கம். எங்கோ ஒரு அறையில் ஒருவர் நின்று ஸ்கேலைப் பலகையில் வைக்கிறார், நாற்பது பிள்ளைகள் நாற்பது ஸ்கேலை எடுக்கிறார்கள். அந்த ஒருவருக்கு இப்போது வயது நாற்பத்தேழு. முடி நரைத்திருக்கும். சாக்பீஸ் தூளில் நரை தெரியாது.

அந்தக் குறிப்பால் அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. பயிற்சி முடிகிற அன்று பேராசிரியை என் குறிப்பு நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் படித்தாள், பள்ளி வாசலில், பஸ்ஸுக்கு நிற்கும்போது. கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். “பரமகுரு, என் பிள்ளைங்க பேப்பர் உங்க கையில வந்தா என்ன செய்வீங்க?” அடிச்ச வரிக்கு மார்க் கிடையாதுங்க என்றேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், சரியாகத்தான் சொன்னேன். “அப்ப உங்க கையில வராம இருக்கணும்” என்றாள். பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்து, “மாலத்தீவுல வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்காங்களாமே, போகப் போறீங்களா?” என்றாள். பார்க்கலாம் என்றேன். போகாதே என்று அவள் சொல்லவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. அவள் எவ்வளவோ அவ்வளவு. நான் போனேன், அப்புறம் கடிதங்கள். தீவு ஒன்பது நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம், சாயங்காலம் ஆறு சுற்று சுற்றுவேன், நடக்கும்போது மனசுக்குள் எழுதுகிற கடிதம் பத்துப் பக்கம் போகும், அறைக்கு வந்து அவள் கடிதத்தைப் பிரித்து எத்தனை வரி என்று பார்ப்பேன், ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம், முக்கால் என்றால் முக்கால். கூட எழுதினால் என்ன நினைப்பாளோ. இப்படி நான்கு வருஷம். கடைசியாக வந்தது அரைப் பக்கம். “இந்த வருஷமும் பீரோவைத் தள்ளினோம். அசையவில்லை. இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.” அவள் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் பீரோவே கிடையாது, முந்தைய கடிதத்தில்தான் எழுதியிருந்தாள். எனக்கு அது தெரியும், வாசிக்கும்போதே தெரியும். நான் மழையைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து வடக்கே எங்கோ போனதாக யாரோ சொன்னார்கள். பதினேழு வருஷம் அந்தத் தீவில், கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் பார்க்கலாம். திரும்பி வந்தும் சில வருஷம் ஆகிவிட்டது, எங்கள் பி.எட். வாட்ஸப் குழுவில் அறுபத்திரண்டு பேர், அவள் இல்லை, அவள் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு வரி தட்டுவேன், அனுப்பாமல் அழிப்பேன், அழிச்சா எல்லை எங்கன்னு தெரியாமப் போயிரும்.

இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என்ன சம்பந்தம். இதுதான் பயம். நான் மூன்று போட்டால் அது பெட்டிக்குப் போடுகிற மூன்றா, பஸ் ஜன்னலுக்குப் போடுகிற மூன்றா. ஒன்று போட்டால் அது விதிக்குப் போடுவதா, இல்லை, நான் எழுதிய குறிப்பு சரிதான் என்று இருபத்தைந்து வருஷம் கழித்தும் காட்டுவதற்கா. இரண்டு போடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், பதினான்கு, தாளும் நிற்கும் நானும் நிற்பேன். இரண்டு என்பது பார்க்கலாம் என்பதற்கு இயற்பியலில் பெயர். எழுந்து தாளை எடுத்துக்கொண்டு தேவசகாயம் சாரிடம் போகிறேன், எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் சீஃப், அடுத்த வருஷம் ஓய்வு, மேசையில் விபூதிப் பொட்டலமும் சிலுவைக் கீச்செயினும் சேர்ந்தே கிடக்கும், விபூதி மனைவி வீட்டுக் கொடை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். “அடிச்சது அடிச்சதுதான் சார். அந்தப் பிள்ளை மனசுக்குள்ள போய் நாம உக்கார முடியுமா?” இது தப்பென்று அடித்த மாதிரி இல்லை சார், எல்லையை ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்கிறேன். “மாதிரி இருக்குன்னா எல்லாமே மாதிரிதான் இருக்கும். கூட்டிப் பார்த்துட்டீங்களா?” பார்த்துட்டேன். “அதான். கூட்டிப் பார்த்துட்டா கை சாயும். உங்களைச் சொல்லலை, எனக்கே சாயும்.” மேசைக்குக் கீழேயிருந்து ஒரு நீள நோட்டை எடுக்கிறார். பதினான்கு, பதினைந்து என்று எல்லையில் நிற்கிற தாள்களுக்கு அவரே வைத்துக்கொண்டிருக்கிற நோட்டு. டம்மி எண், கேள்வி எண், போட்ட மதிப்பெண், காரணம், கையெழுத்து என்று கட்டம் கட்டியிருக்கிறார். “உங்க தாள், நீங்கதான் முடிவு பண்ணணும். மூணு போடுறதுன்னா காரணத்தை எழுதிட்டுப் போடுங்க. மேல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், வேணும்னா அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. பாவமா இருந்துச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க, போன தடவை ஒரு மனுஷன் அப்படியே எழுதிட்டான்.” சொல்லித்தருகிறவரை எனக்குத் தெரியும் என்று எழுதலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் கட்டையே என்னிடமிருந்து வாங்கியிருப்பார், வாங்கத்தான் வேண்டும்.

நோட்டோடு பெஞ்சுக்குத் திரும்பினேன். நீள நோட்டு, கட்டம் கட்டினது, அட்டை ஓரம் கிழிந்தது; எல்லா நோட்டும் ஒரே நோட்டுத்தானோ. சரி, அவள் இல்லை. செண்பகவல்லி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள். தாள் மட்டும் இருக்கிறது, தாளிலிருந்து காரணம் வருகிறதா பார். முன்பக்கங்களைத் திருப்புகிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அடித்திருக்கிறது, சுழி சுழியாக, மேலே எக்ஸ் போட்டு, தாள் கிழிகிற அழுத்தத்தில். ஆறாம் பக்கத்தில் இரண்டு இடம், அதே கிறுக்கல். தப்பானதை இந்தப் பிள்ளை இப்படி அடிக்கும். இருபத்தெட்டாவதில் மட்டும் ஸ்கேல். இது ஒரு காரணம். ஆனால் இருபது என்பது கேள்வியிலேயே இருக்கிற எண், குருட்டாம்போக்கில் எடுத்துப் போட்டிருக்கலாம் அல்லவா. போட்டிருக்கலாம். தள்ளும் அளவே தடுக்கும் என்று குருட்டாம்போக்கில் எழுத முடியாது. தள்ளும் அளவே என்றால் எப்போதுமா, எல்லைக்குள் மட்டும்தான், அந்த எல்லை மேல் வரியில் இருக்கிறது, கோட்டுக்கு அடியில், வாசிக்க முடிகிறபடி. நானே ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன், உதிரித்தாளில், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. எடை நூறு. தரையின் எதிர்விசை நூறு. எல்லை ஐம்பது. இருபது ஐம்பதைவிடச் சிறியது, பெட்டி நகராது, ஆகவே உராய்வு இருபது. நகராது என்று எழுதுகிற இடத்தில் கை என்னைக் கேட்காமல் அந்த ஐம்பதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டது. பேனாவைத் தூக்கிப் பார்க்கிறேன். பதினேழு வருஷம் தீவில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், பத்தாவது வரை தமிழில் படித்தவன், அங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எல்லையைக் கண்டுபிடி, அடைப்புக்குறிக்குள் போடு, அது விடை இல்லை, அழிக்காதே. என் சொந்த வழி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது அது. எங்கேயும் இல்லை. அவள் கோட்டை எடுத்து இரண்டாக வளைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, யாரும் மதிப்பெண் குறைக்க முடியாதபடி வைத்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு வருஷம் அவள் பாடத்தை எடுத்திருக்கிறேன், அவள் பெயர் இல்லாமல். டீயை எடுத்தால் ஆறிவிட்டது, ஆடை உதட்டில் ஒட்டுகிறது. இந்தப் பிள்ளை அடைப்புக்குறி போட்டிருந்தால் கேள்வியே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மூன்று. வேறு எந்தச் சரியான வழியில் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பின் அடியில் இருக்கிறது, அதையும் முதல் நாளே வாசித்தார்கள். வளைந்த கோட்டுக்கு மூன்று, நேர்கோட்டுக்கு ஒன்று என்று எந்த வாயால் சொல்வது. மீதி நான்கு தாள் கட்டில் இருக்கிறது, அவற்றிலும் அந்தக் கோடு இருக்குமோ, குருவம்மாள் டீச்சரின் நேற்றைய கட்டை மறுபடி எடுக்க முடியுமோ, எடுக்கச் சொன்னால் தேவசகாயம் சார் என்ன சொல்வாரோ, எங்கோ வடக்கே ஒரு அறையில் ஜன்னல் பக்கம் அவள் நின்றுகொண்டிருப்பாளோ, இந்த வருஷம் எத்தனை பேர் தள்ளினார்களோ. “சார், மணி பன்னண்டு ஆயிருச்சு” என்கிறார் குருவம்மாள் டீச்சர், “தள்ளுங்க அடுத்த தாளை.” தள்ளுங்க என்கிறார். அப்போதுதான், கேட்டுக்கொண்டு வராமல், தோளைப் பெட்டியில் கொடுத்துக் கண்ணை மூடிய பெரியப்பா மீதியைச் சொன்னார். அசையிற வரைக்குந்தான்டா கனம், அசைஞ்சிட்டா கையை எடுத்துராத.

இருபத்தெட்டாவது கேள்விக்கு எதிரே மூன்று போட்டு வட்டமிட்டேன். மொத்தம் பதினைந்து என்று முகப்பில் எழுதினேன். நீள நோட்டில் டம்மி எண்ணுக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், “அடித்த வரி விடையின் பகுதி” என்று எழுதி, பரமகுரு என்று முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். நேற்றைய கட்டை மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்ல, தேவசகாயம் சாரின் மேசைக்குப் போனேன்.